பன்னிரண்டில் ஒன்று

பன்னிரண்டு ரோஜாக்களோடு படியேறி வந்தான் ஆல்வின்.
ஹல் துறைமுகத்துக்காரன், கப்பல் எஞ்சின் பார்ப்பவன்.
தாயிஸியா வாங்கவில்லை. எண்ணினாள்.
இரட்டைப்படை பிணத்துக்கு, என்றாள்.
எங்கள் ஊரில் காதலுக்கே ஒரு டஜன்தான் கணக்கு, என்றான் அவன்.
ஒன்றை உருவி
பக்கத்துக் கதவில் நின்ற என்னிடம் தந்தாள்.
அப்படித்தான் எனக்கு ஒரு பூ கிடைத்தது,
பதினோரு வருஷத்துக்குப் பிறகு.

நான் யாரையும் பார்த்துச் சிரிப்பவள் இல்லை.
மூர்மான்ஸ்கில் நான்காம் தடத்து டிராலிபஸில் நடத்துநர்.
ஆறு இலக்கச் சீட்டில்
முன் மூன்றைக் கூட்டினாலும் பின் மூன்றைக் கூட்டினாலும்
ஒரே எண் வந்தால் அதிர்ஷ்டம்.
சீட்டை மென்று விழுங்கிவிட வேண்டும்.
பரிசோதகர் ஏறிய நேரத்தில்
வாய் நிறைய அதிர்ஷ்டத்தோடு
அபராதம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் சுவர் மெலிது.
வீட்டுக்குள் விசிலடிக்காதே, காசு போய்விடும் என்பாள்.
வீட்டுக்குள் குடை விரிக்காதே என்பான் அவன்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு,
இந்த ஊரில் எவள் குடை விரிக்கிறாள்?
காலி பாட்டிலை மேசையிலிருந்து எடு.
புதுச் செருப்பை மேசையில் வைக்காதே.
மேசைக்கு மட்டும் இரண்டு தேசத்துச் சட்டம்.

உப்பு சிந்தினால்
இடது தோளுக்குப் பின்னால் ஒரு சிட்டிகை எறிவான்.
அவள் அதே பக்கம் மூன்று முறை துப்புவாள்.
ஒரே தோள். அங்கே உட்கார்ந்திருக்கும் பிசாசும்
அநேகமாக ஒன்றுதான்.
அவர்கள் உப்பு செலவழிக்கிறார்கள்,
எங்களுக்கு எச்சிலே கட்டுப்படியாகிறது.

மாடிப்படியில் ஒரு கறுப்புப் பூனை உண்டு.
அது குறுக்கே போனால் தாயிஸியா நின்றுவிடுவாள்,
வேறு யாராவது முதலில் கடக்கட்டும் என்று.
ஆல்வினுக்கோ அது நல்ல சகுனம்.
தொப்பியைத் தொட்டுவிட்டு முன்னே நடப்பான்,
அவள் பின்னால் போவாள்.
இருவருக்கும் ஒத்துப்போனது
அந்தப் பூனை ஒன்றில்தான்.

மார்ச்சில் முடிந்தது.
பெட்டி தயாரானதும் என்னையும் கூப்பிட்டாள்,
பயணத்துக்கு முன் உட்கார மூன்று பேராவது வேண்டுமாம்;
அப்படி ஒரு விதி இல்லை, எனக்குத் தெரியும்.
செருப்புப் பெட்டிமேல் நான், பெட்டிமேல் அவன்,
நாற்காலியின் நுனியில் அவள்.
அவர்கள் ஒரு நிமிஷம் முழுதாய்ப் பேசாமலிருந்து
அன்றுதான் கேட்டேன்.

போனான். இரண்டு மாடி இறங்கி, திரும்பி வந்தான்.
இடக்கைக் கம்பளியுறையை மறந்திருந்தான்.
அவள் உள்ளே, கையுறையோடு.
அவன் வெளியே.
வாசற்படிக்கு மேலாக எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது.
அவளாலும் வெளியே வர முடியவில்லை.
அவன் கெட்டது விலகத் தொட்டுக்கொள்ள மரம் தேடினான்.
எங்கள் கதவுகள் எல்லாம் இரும்பு.
கடைசியில் ஒரு கால் உள்ளே வைத்தான், பிறகு இன்னொன்று.
திரும்பி வந்தவன் கண்ணாடி பார்க்க வேண்டும், என்றாள்.
பார்த்தான். நாக்கையும் நீட்டினான், சரியாகவே கற்றிருந்தான்.
கண்ணாடிக்குள் அவளும் இருந்திருப்பாள்.
நான் என் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இன்றோடு நாலு நாள்.
சுவருக்கு அந்தப் பக்கம்
துடைப்பச் சத்தம் இல்லை.
போனவர் ஊர் சேரும்வரை தரையைக் கூட்டக் கூடாது,
திரும்பும் வழி அழிந்துவிடும்.
ஹல்லுக்கு நாலு நாள் ஆகாது.
அவன் பூட்ஸின் உப்புச் சேறு
அவள் தரையில் காய்ந்து வெளுத்திருக்கும்.

என்னுடையவன் மீன்பிடிக் கப்பலேறிய அன்று
மதியமே நான் தரையைக் கழுவினேன்.
வீட்டுக்கு ஆட்கள் வருவதாக இருந்தது.
அதனால் இல்லை, புயல்தான் காரணம்.
விசாரணை அறிக்கையில் தெளிவாக இருக்கிறது.
எத்தனையோ முறை படித்துவிட்டேன்.